பத்து நாள் அவகாசம்

ஏஜக்ஸில் இன்னும் பனி விழவில்லை.
விழப்போகிறேன் விழப்போகிறேன் என்று
வானம் வெருட்டிக்கொண்டிருந்த
ஒக்டோபர் வெள்ளி, இரவு பத்தேகால்.
நிலவறையில் ஃபர்னஸ் ஒருதரம் செருமிவிட்டு எரியத் தொடங்கியது.
நிதுர்சன் ஒட்டாவாவிலிருந்து போனில் சொன்னான்:
"பழசுக்கு இனிப் பாதுகாப்பு வராது அம்மா.
கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு அமத்துங்கோ."

ஓம் என்று அமத்துவது எனக்குப் பழக்கம்தான்.

உங்கள் நாடு எது என்றது திரை.
கனடா என்று தானே நிரப்பி வைத்துவிட்டு
சரிதானா என்று மட்டும் கேட்டது.
விமான நிலையத்து மேசையில்
இவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை.
இரண்டாவது விசைப்பலகை வேண்டுமா?
வேண்டாம்.
கோப்புகளை வைத்திருக்கவா,
ஒன்றையுமே வைத்திருக்க வேண்டாமா?
இதற்கு மட்டும்
மேலே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து
பதில் சொன்னேன்.
வைத்திரு.

பதினேழு வீதத்தில் நாற்பது நிமிடம் நின்றது.
குகநேசன் படியில் பாதி இறங்கி
"என்ர பாங்க் கணக்கெல்லாம் போகாதே?" என்றார்.
போகாது என்றேன்.
திரும்பி ஏறும்போது நிலவறை விளக்கை அணைத்துவிட்டுப் போனார்,
நான் கீழே இருக்கிறேன் என்பது
வழக்கம்போல் நினைவில்லாமல்.

எழுபத்திரண்டு.
அணைக்க வேண்டாம் என்றது திரை. நான் எங்கே அணைத்தேன்?

எல்லாம் முடிந்து, ஐகன்கள் நடுவுக்கு வந்து,
பின்னணியில் யாரோ ஒருவரின் நீலப் பூ விரிந்தபிறகு
போனதா இருக்கிறதா என்று பார்க்கத்தான்
இரண்டாயிரத்து எட்டு என்ற உறையைத் திறந்தேன்.
உள்ளே ஒரே ஒரு கோப்பு.
பாமினி எழுத்துரு புது வீட்டுக்கு வரவில்லை.
தமிழ் இருந்த இடமெல்லாம்
ஜே, ஐ, டீ, அரைப்புள்ளி,
பேன் பார்த்த தலைபோல் கலைந்து கிடந்தது.
இலக்கங்கள் மட்டும் அப்படியே:
ஒரு தொலைபேசி எண். வீட்டு எண் இல்லை.
ஃபிஞ்ச் வீதியில் நான் ஐந்து வருடம் எழுத்துக் கோர்த்த
இலவச வாரப் பத்திரிகையின் எண்.

மரண அறிவித்தல், அரங்கேற்றம்,
மூன்று படுக்கையறை, பாடசாலை அருகில்.
அடித்த சொற்களைக் கண் அன்றன்றே மறந்துவிடும்.
விரல் மறக்காது.
விசைகளைத் தொடாமல்
அவற்றின் மேலே விரல்களை மிதக்க விட்டேன்.
பெரிய என், ஜே, ஐ, டீ:
கொம்பு முதலில், எழுத்து பிறகு.
தேவை.
எம், ஐ, டபிள்யூ.
அறை.

ஒவ்வொரு விரலாய் வாசித்தேன்.

தேவை: அறை. பெண் ஒருவர்.
மார்க்கம் வீதி பஸ் ஓடும் இடம் நல்லது.
சமையல் குறைவு.
மகன் சனி ஞாயிறு வந்து நிற்பான்.

பத்துச் சொல்லுக்கு ஐந்து டொலர் வாங்கினோம் அப்போது.
ஊழியருக்கு இலவசம்.
இருந்தும் அது அச்சுக்குப் போகவில்லை.
அந்தக் கிழமை என்ன நடந்தது?
நிதுர்சனுக்குக் காய்ச்சலா,
குகநேசன் ஏதும் நல்லதாய்க் கதைத்தாரா,
பக்கத்தில் இடமில்லையா,
விரலுக்கும் தெரியவில்லை.

தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது.

பிறகுதான் கவனித்தேன்:
பெண் என்ற சொல்லில்
என், ஜீ, இசெட். அவ்வளவுதான்.
அரைப்புள்ளி இல்லை. புள்ளி விழவில்லை.
பதினேழு வருடமாய் அது பெண என்றே கிடந்திருக்கிறது.
என் கையால் இப்படி ஒரு பிழை
பத்திரிகைக்குப் போனதே இல்லை.
சின்ன விரலால் ஒருதரம் தட்டினேன்.

மாற்றத்தைச் சேமிக்கவா?
ஓம்.

மூலையில் ஒரு பெட்டி எழும்பியது:
பிடிக்காவிட்டால்
பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பலாம்.

"முடிஞ்சுதோ?" மேலேயிருந்து.

லைட்டைப் போடுங்கோ, சொல்லுறன் என்றேன்.